காயம்பட்ட வீரரை எடுக்கும் முன்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மருத்துவச் சோதனை செய்வது எப்படி

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் பார்த்துப் பழகிய கால்பந்து அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக மோதி விழும் ஆட்டம். அதன் கல்லூரி அணிகளில் வீரர்கள் இடம் மாறுவது இப்போது பெரும்பணம் புரளும் விஷயம். 2018 அக்டோபரில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, கல்லூரி மாற விரும்பும் வீரர்களுக்காக 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பெயர்ப்பட்டியலைத் தொடங்கியது. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட பிறகு, கல்லூரியே வீரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர்.

பணம் வளர்ந்த வேகத்தில் மருத்துவச் சோதனை வளரவில்லை. தொழில்முறை என்.எஃப்.எல். அணிகளுக்கு ஒவ்வொரு ஆண்டும் இண்டியானாபோலிஸில் முகாம் நடக்கிறது. 300க்கு மேற்பட்ட இளைஞர்களை 32 அணிகளின் மருத்துவர்களும் அங்கே நாள்கணக்கில் பரிசோதிக்கிறார்கள். கல்லூரி அணிக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. 2026இல் போர்ட்டல் திறந்திருந்தது ஜனவரி 2 முதல் 16 வரை, 15 நாள் மட்டுமே. நல்ல வீரர்கள் முதல் வாரத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆக, முழங்காலில் அறுவை செய்த ஒருவரைப் பற்றி இரண்டு மூன்று நாளில் மருத்துவப் பிரிவு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

அந்த இரண்டு மூன்று நாளில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறோம். கல்லூரி மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர், வீரரின் முகவரிடம் வேலை பார்ப்பவர், வீரரின் பெற்றோர் என மூவருக்கும் இது பயன்படும். ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். அமெரிக்காவில் 'அத்லெட்டிக் டிரெய்னர்' என்பவர் ஜிம்மில் உடற்பயிற்சி சொல்லித் தருபவர் அல்ல. காயத்தைப் பார்த்து முதலுதவி செய்து, மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் மருத்துவப் பணியாளர். இந்தக் கட்டுரையில் டிரெய்னர் என்று வரும் இடமெல்லாம் அவரைத்தான் குறிக்கும்.

முதல் படி: போர்ட்டல் திறக்கும் முன்பே தொடங்குங்கள்

போர்ட்டலில் பெயர் வராத வீரரிடமோ அவர் குடும்பத்திடமோ பேசுவது விதிமீறல். அதற்காக டிசம்பரில் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. பொதுவெளியில் இருப்பதையே திரட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளான பிக் டென் 2023 முதலும் எஸ்.இ.சி. 2024 முதலும், ஆட்டத்துக்கு முன் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. எந்த வாரம் பெயர் வந்தது, எந்த வாரம் நீங்கியது என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

பிறகு காணொளியைப் பாருங்கள். காயம் பட்ட அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய மூன்று வாரங்களும் பிந்தைய மூன்று வாரங்களும் வேண்டும். எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறார், எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறார், ஆட்டத்தின் நான்காவது, கடைசிப் பகுதியில் களத்தில் இருக்கிறாரா என்று கவனியுங்கள். முழங்காலில் பிரேஸ், அதாவது மூட்டுத் தாங்கி, மாட்டியிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முன்வரிசை லைன்மேன்கள் பலர் காயமே இல்லாமல் பாதுகாப்புக்காக இரண்டு காலிலும் பிரேஸ் போடுகிறார்கள். அதே பிரேஸ், எதிரணி வீரரைத் துரத்தித் தடுக்கும் கார்னர்பேக்கின் ஒரு காலில் மட்டும் இருந்தால் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: காகிதம் வரட்டும், பிறகு விமானச் சீட்டு

பல இடங்களில் வேலை தலைகீழாக நடக்கிறது. வீரரை வரவழைத்து, விருந்து வைத்து, தொகையையும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில்தான் மருத்துவப் பதிவைக் கேட்கிறார்கள். அப்போது சிக்கல் தெரிந்தால் பாதிக்கப்படுவது வீரர்தான். பழைய கல்லூரியில் அவர் இடத்துக்கு வேறொருவரை எடுத்திருப்பார்கள். புதிய கல்லூரியும் கைவிட்டால் உள்ளதும் போச்சு என்ற கதை. எனவே பதிவுகளைப் படித்துப் பார்த்து 'வரச் சொல்லலாம்' என்று மருத்துவர் சொன்ன பிறகே பயணத்தை ஏற்பாடு செய்யுங்கள்.

பதிவுகளைப் பெற வீரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். இதில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. கல்லூரி வைத்திருக்கும் மாணவர் பதிவுகளுக்கு ஒரு சட்டம், 1974இல் வந்த ஃபெர்பா. வெளி மருத்துவமனை வைத்திருப்பவற்றுக்கு வேறு சட்டம், 1996இல் வந்த ஹிப்பா. ஒரே படிவத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பினால் ஏதாவது ஓர் அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும், இரண்டு நாள் வீணாகும். பழைய கல்லூரியின் டிரெய்னர் அலுவலகம், அறுவை செய்த மருத்துவர், ஸ்கேன் எடுத்த மையம், வெளியே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்த இடம் என்று தனித்தனிப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். எந்த உறுப்பு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, யாருக்குப் போக வேண்டும் என்று குறிப்பிடுங்கள். மனநல ஆலோசகரின் தனிக் குறிப்புகளுக்கு ஹிப்பாவில் தனிச் சம்மதம் தேவை. அதை இந்தக் கட்டில் சேர்த்துக் கேட்பது முறையல்ல.

கேட்க வேண்டியவற்றில் முதலிடம் அறுவைச் சிகிச்சைக் குறிப்புக்கு. அறுவை முடிந்த அன்று மருத்துவர் சொல்லிப் பதிவு செய்யும் இரண்டு மூன்று பக்கம் அது. அதோடு மூட்டுக்குள் கேமரா விட்டு எடுத்த படங்கள். அடுத்து எம்.ஆர்.ஐ., சி.டி., எக்ஸ்ரே ஆகியவற்றின் மூலப் படக்கோப்புகள். 'அறிக்கை அனுப்பிவிட்டோம்' என்று ஒரு பக்க பி.டி.எஃப். வரும், அதை மட்டும் வைத்து யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அறிக்கை எழுதியவர் எலும்பு-மூட்டு ஸ்கேனில் தேர்ந்தவரா, இரவுப் பணியில் அவசரத்தில் எழுதியவரா என்பது உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது, டிரெய்னரின் தினசரிக் குறிப்புகளும் ஊசி, மருந்து விவரங்களும். வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோன் ஊசி எத்தனை முறை, எந்த மூட்டில், கடைசியாக எப்போது? ஆட்டத்தன்று டோரடால் போன்ற வலிநிவாரணி போட்டுக்கொண்டு ஆடினாரா? காயத்தின் பெயரைவிட இந்த ஒரு தாள் பல நேரம் அதிகம் சொல்லும்.

'கிளியர் ஆகிவிட்டார்' என்ற சொல் வரும்போதெல்லாம் எதற்குக் கிளியர் என்று கேளுங்கள். நேராக ஓடவா, திசைமாறி ஓடவா, மோதலில்லாப் பயிற்சிக்கா, முழு ஆட்டத்துக்கா? முகவர்கள் இந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்வதில்லை, தளர்வாகச் சொல்கிறார்கள். அந்தத் தளர்வுக்குள் நான்கு மாதம் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாம் படி: நேரில் பார்ப்பது

வீரர் வளாகத்துக்கு வரும் பயணத்தின்போது அணி மருத்துவர் அவரைப் பரிசோதிக்க என்.சி.ஏ.ஏ. விதி இடம் தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. விளையாட்டுத் துறையிலிருந்து டிரெய்னரைத் தவிர வேறு யாரும் அறையில் இருக்கக் கூடாது. வேகத்தையோ திறமையையோ அளக்கும் சோதனை எதுவும் நடக்கக் கூடாது. முடிவை வைத்துக் கல்லூரிச் சேர்க்கையையும் மறுக்கக் கூடாது. ஆகவே 'கொஞ்சம் ஓடிக் காட்டு, ஒற்றைக் காலில் குதி' என்று சொல்லிவிடாதீர்கள். குதிப்பு, ஓட்டம் சம்பந்தப்பட்ட அளவுகளை அவர் மறுவாழ்வுப் பயிற்சி எடுக்கும் இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒரு சடங்காக எண்ண வேண்டாம். ஆட வேண்டும் என்ற வெறியோடு வந்திருக்கும் 20 வயதுப் பையன், தன்னை எடுக்கப்போகும் கோச்சின் முன்னால் 'வலிக்கிறது' என்று சொல்லமாட்டான். தனியறையில், அவசரமில்லாமல், 'காலையில் எழுந்து மாடிப்படி இறங்கும்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் சொல்வான்.

குறைந்தது ஒன்றரை மணிநேரம் ஒதுக்குங்கள். முதல் அரைமணி பேச்சு மட்டும். முந்தைய நாள் இரவு முதல் வலிமாத்திரை எதுவும் போட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காயம்பட்ட மூட்டோடு அதன் மேல்மூட்டையும் கீழ்மூட்டையும், மறுபக்க மூட்டையும் பாருங்கள். கணுக்கால் விறைத்துப்போனவர் முழங்காலில் அடிபடுவதும், இடுப்பு பலவீனமானவருக்குத் தொடைத்தசை திரும்பத் திரும்பக் கிழிவதும் இந்த ஆட்டத்தில் வழக்கம்.

முழங்கால்: அதிகம் வருவதும் அதிகம் ஏமாற்றுவதும்

தமிழில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட் ஒன்று, ஏ.சி.எல். அதில் சேரும். இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தைபோல் கிடக்கும் மெனிஸ்கஸ் மற்றொன்று. ஏ.சி.எல். கிழிந்த வீரரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஏ.சி.எல்.லையே கேட்கிறார்கள். அவருடைய அடுத்த ஐந்தாண்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும்தான்.

அறுவைக் குறிப்பை எடுத்து இந்த விவரங்களைத் தேடுங்கள். கிழிந்த ஏ.சி.எல்.லுக்குப் பதிலாக வைத்த புதிய நாரை எங்கிருந்து எடுத்தார்கள்? முழங்கால் சில்லின் கீழ்நாண், பின்தொடை நாண், முன்தொடை நாண் ஆகிய மூன்றும் வீரரின் சொந்த உடலிலிருந்து வருபவை. இறந்தவர் கொடையாகத் தந்த நார் என்றிருந்தால் சிவப்பு மையில் குறியுங்கள். இளம் விளையாட்டு வீரர்களிடம் அது திரும்பக் கிழியும் விகிதம் தெளிவாக அதிகம். மெனிஸ்கஸைத் தைத்தார்களா, வெட்டி எடுத்தார்களா? வெட்டினால் எவ்வளவு, உள்பக்கமா வெளிப்பக்கமா? வெளிப்பக்க மெனிஸ்கஸைப் பெருமளவு இழந்த முழங்கால், பந்தைப் பிடிக்க ஓடி ஓடித் திரும்பும் ரிசீவருக்குச் சீக்கிரமே வீங்கத் தொடங்கும். தைத்திருந்தால் மீட்பு மெதுவாகும், மூட்டுக்கு நல்லது. 'மூன்று மாதத்தில் வருகிறார்' என்று கேட்டு மகிழ்ந்து, 'ஆறு மாதம்' என்று கேட்டு முகம் சுளிக்கும் நிர்வாகிக்கு, இங்கே ஆறு மாதம்தான் நல்ல செய்தி என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். குருத்தெலும்புத் தேய்வு 1 முதல் 4 வரை தரம் பிரிக்கப்படும். 4 என்றால் எலும்பே வெளியே தெரிகிறது. அதன் அளவும் உடல் எடையைத் தாங்கும் இடமா என்பதும் வேண்டும்.

மேசையில் படுக்க வைத்து, முதலில் வீக்கத்தைப் பாருங்கள். அறுவை முடிந்து ஏழெட்டு மாதமான பிறகும் மூட்டுக்குள் நீர் இருந்தால், உள்ளே ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை. பின்பு குப்புறப் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியை மேசைக்கு வெளியே தொங்கவிட்டு, இரண்டு குதிகால்களின் உயரத்தை ஒப்பிடுங்கள். 1 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 டிகிரி நீட்டக் குறைவு. நான்கைந்து செ.மீ. உயர்ந்து நின்றால் அவர் கால் முழுதாக நீளவில்லை. அந்தக் காலால் முழு வேகம் ஓட முடியாது. சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ., 15 செ.மீ. உயரங்களில் நாடாவால் தொடைச் சுற்றளவை எடுங்கள். 2 செ.மீ.க்கு மேல் மெலிந்திருந்தால் தசை திரும்பவில்லை. ஏ.சி.எல்.லின் பிடிப்பைக் கையால் பார்க்கும் லாக்மேன் சோதனையையும் பிவட் ஷிஃப்ட் சோதனையையும் மருத்துவர் தாமே செய்ய வேண்டும். வலியில் தொடையை இறுக்கிக்கொள்ளும் வீரரிடம் பிவட் ஷிஃப்ட் பொய்யாக நன்றாக வரும், அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலிமைச் சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. 'மறுகாலோடு ஒப்பிட்டால் 92 சதவீதம்' என்று அறிக்கை வரும், 90ஐத் தாண்டியதால் எல்லோரும் திருப்தி அடைவார்கள். எட்டு மாதம் ஓடாதவரின் நல்ல காலும் சேர்ந்தே இளைத்திருக்கும். இரண்டு பலவீனமான கால்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதில் என்ன பயன்? நொடிக்கு 60 டிகிரி வேகத்தில் எடுத்த முன்தொடை விசையை உடல் எடையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 3 நியூட்டன்-மீட்டரை எட்டுவது நல்ல இலக்கு. காயத்துக்கு முன்பு எடுத்த பழைய அளவு கிடைத்தால் அதைவிடச் சிறந்த ஒப்பீடு கிடையாது.

புதிய எம்.ஆர்.ஐ. தேவையா? கடைசி ஸ்கேனுக்குப் பிறகு வீக்கமோ புதிய வலியோ வந்திருந்தால் தேவை. மூட்டுக்குள் உலோகத் திருகு இருந்தால் படம் கலங்கும், எனவே உலோகக் கலக்கத்தைக் குறைக்கும் முறையில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கிழிந்த ஏ.சி.எல். என்றால் சி.டி.யும் வேண்டும். எலும்பில் துளைத்த பாதை அகன்றுபோயிருந்தால், மறு அறுவையை இரண்டு கட்டமாகச் செய்ய நேரும், ஓராண்டு போய்விடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்புச் சரிவையும் அளக்கச் சொல்லுங்கள். 12 டிகிரிக்கு மேல் பின்பக்கம் சரிந்திருந்தால் புதிய நாருக்கு ஒவ்வோர் ஊன்றலிலும் கூடுதல் இழுவை.

காலக்கணக்கில் ஒரு விதியைத் தளர்த்தாதீர்கள். அறுவையிலிருந்து 9 மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்புபவர்களிடம் மறுகிழிவு கூடுதல். அக்டோபர் கடைசியில் கிழிந்து நவம்பரில் அறுவை செய்தவருக்கு ஆகஸ்ட் முகாம் ஒன்பதாம் மாதம். ஜனவரியில் அறுவை என்றால் அக்டோபர். 'சீசன் தொடக்கத்துக்கு வந்துவிடுவார்' என்ற பேச்சை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கால், தோள், முழங்கை

பாதத்தில் இரண்டு காயங்கள் பணத்தை விழுங்குபவை. ஐந்தாம் பாத எலும்பில் வரும் ஜோன்ஸ் முறிவு ஒன்று. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு. திருகு போட்டு வலி நின்ற பிறகும் எலும்பு உள்ளே கூடாமல் இருக்கலாம். எக்ஸ்ரேயை நம்பாமல் சி.டி. எடுத்து எலும்பு கூடியதா என்று பாருங்கள். இன்னொன்று பாதத்தின் நடுவில் வரும் லிஸ்ஃபிராங்க் காயம். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் அது மறைந்துகொள்ளும். இரண்டு காலிலும் எடையை ஊன்றி நிற்கவைத்து எடுத்தால்தான் 2 மி.மீ. விலகல் கண்ணில் படும்.

கணுக்காலுக்குச் சமீபத்திய பாடம் ரைலி லெனார்ட். அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். 2023 செப்டம்பர் 30 அன்று டியூக் அணிக்காக நோட்டர் டேமுக்கு எதிராக ஆடியபோது கணுக்கால் சுளுக்கியது. ஆண்டிறுதியில் அதே நோட்டர் டேமுக்கு மாறினார். 2024 தொடக்கத்தில் அறுவை. வசந்தகாலப் பயிற்சியின்போது அதே கணுக்காலில் இன்னொரு முறை. வசந்தகாலம் ஏறக்குறைய வீண். ஆனாலும் 2025 ஜனவரியில் அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். காயத்தோடு எடுப்பது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டாவது அறுவை வந்தாலும் தாங்கும்படி நாட்காட்டியும் மாற்று வீரரும் கையில் இருக்க வேண்டும் என்கிறோம்.

தோள் நழுவியவர்களுக்கு எத்தனை முறை நழுவியது, தானாகப் பொருந்தியதா, யாராவது இழுத்துப் போட்டார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு நழுவலும் தோள்கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும். சி.டி.யில் அந்த எலும்பு இழப்பை அளக்க வேண்டும். 20 சதவீதத்தை நெருங்கினால் வெறும் தையல் நிற்காது. எலும்புத் துண்டை எடுத்து வைக்கும் லடார்ஷே அறுவை தேவைப்படும். 13.5 சதவீதத்திலிருந்தே மோதல் ஆட்டக்காரர்களிடம் கவனம் வேண்டும்.

முழங்கையின் உட்பக்க லிகமென்ட், அதாவது யு.சி.எல்., குவார்ட்டர்பேக்குகளின் விஷயம். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்குச் செய்த அறுவையின் வழியில் வந்த சிகிச்சைதான் இது. பேஸ்பாலில் பந்தை எறிபவரின் மீட்புக் காலத்தை அப்படியே ஃபுட்பாலுக்குப் போடாதீர்கள். எறியும் விதமும் எண்ணிக்கையும் வேறு. பிராக் பர்டி 2023 மார்ச்சில் அறுவை முடித்து செப்டம்பரில் என்.எஃப்.எல். சீசனின் முதல் ஆட்டத்தில் ஆடினார். கார்சன் பெக் 2024 டிசம்பரில் ஜார்ஜியாவுக்காக எஸ்.இ.சி. இறுதியில் ஆடும்போது முழங்கை லிகமென்ட் போனது. அதே மாதம் அறுவை. 2025 ஜனவரியில், பந்தே எறிய முடியாத நிலையில் மயாமி பல்கலைக்கழகம் அவரை எடுத்தது. ஆகஸ்ட் 31 அன்று நோட்டர் டேமுக்கு எதிராகக் களமிறங்கி வென்றார். 2026 ஜனவரியில் மயாமி தேசிய இறுதிக்குப் போனது. அவர் விஷயத்தில் கேட்க வேண்டியிருந்த கேள்விகள்: லிகமென்டைத் தைத்தார்களா, மாற்று நார் வைத்தார்களா, நரம்புக்கு ஏதாவது சேதமா, எறியும் பயிற்சி எந்த வாரம் தொடங்கும்? விரல்நுனி மரத்துப்போகிறதா என்று கேட்கவும் மறக்காதீர்கள். நரம்புச் சிக்கல் லிகமென்டைவிட மெதுவாகத் தீரும்.

கழுத்து, தலை, இதயம்: பேரம் பேசக் கூடாத இடம்

மூட்டைப் பற்றிய முடிவில் பணத்துக்கும் அபாயத்துக்கும் கணக்குப் போடலாம். இந்த மூன்றில் போடக் கூடாது. மோதலில் ஒரு கை மட்டும் மின்னல் பாய்ந்ததுபோல் மரத்து, சில நிமிடத்தில் சரியானால் அது 'ஸ்டிங்கர்', பரவலாக வருவது. இரண்டு கையிலும், அல்லது கையிலும் காலிலும் சேர்ந்து வந்திருந்தால் அது தண்டுவடத்தின் எச்சரிக்கை. கழுத்து எம்.ஆர்.ஐ.யும் முதுகுத்தண்டு நிபுணரின் கருத்தும் வராமல் ஓர் அடி நகராதீர்கள். தலைக்காயங்களில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றும் தீர எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள். முதலாவது 6 நாள், இரண்டாவது 15, மூன்றாவது 40 என்று நீண்டுகொண்டே போனால் போக்கு தெரிந்துவிடும்.

இதயத்துக்கு, அமெரிக்க இதயச் சங்கத்தின் 14 அம்சப் பட்டியலை முழுதாகக் கேளுங்கள். இளவயதில் திடீரென இறந்த உறவினர் உண்டா என்பது அதில் ஒன்று. ஒரே நோயாளியைப் பற்றி நல்ல மருத்துவர்கள் முரண்படுவது இங்கே சகஜம். கூடைப்பந்து வீரர் கியான்டே ஜான்சன் 2020 டிசம்பரில் புளோரிடாவுக்காக ஆடும்போது களத்திலேயே சரிந்து விழுந்தார். பின்னர் கான்சஸ் ஸ்டேட் அவரை ஆட அனுமதித்தது, 2022-23 சீசனை முழுதாக ஆடினார். மறுபுறம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இதய நோயுள்ள ஒரு வீரரை ஆடவிட மறுத்த வழக்கில், நியாயமான மருத்துவக் கருத்தை நம்பி அப்படி மறுக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பழைய கல்லூரி யாரையாவது மருத்துவக் காரணத்தால் ஆட்டத்திலிருந்தே விலக்கியிருந்தால், அந்தக் கடிதத்தைப் படித்து, எழுதியவரோடு தொலைபேசியில் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

சிக்கிள் செல் கூறு, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாக மாறக்கூடிய பரம்பரைக் கூறு, பற்றி ஒரு வார்த்தை. 2006இல் ரைஸ் பல்கலைக்கழக வீரர் டேல் லாய்டு பயிற்சிக்குப் பின் இறந்ததையடுத்து, 2010 முதல் முதல்நிலை (டிவிஷன் 1) கல்லூரிகளில் அந்த இரத்தப் பரிசோதனை வழக்கமாயிற்று. அந்தக் கூறு இருப்பது யாரையும் நிராகரிக்கக் காரணமாகாது. ஓட்டப் பயிற்சியை மெல்ல ஏற்றவும், ஓய்வும் தண்ணீரும் கொடுக்கவும், வெயிலில் கவனிக்கவும் அது காரணம்.

நான்காம் படி: கருத்து எழுதுவது

'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் இரண்டு பக்கமும் தவறு வரும். 2006இல் குவார்ட்டர்பேக் டிரூ பிரீஸ் தோளில் பெரிய அறுவை முடித்து, என்.எஃப்.எல்.லின் மயாமி டால்ஃபின்ஸ் அணியோடு பேச வந்தார். அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் நிக் சேபன். மருத்துவர்கள் தோளைப் பார்த்துத் தயங்க, அணி அவரை விட்டுவிட்டு முழங்கால் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த டாண்டே கல்பெப்பரை எடுத்தது. கல்பெப்பர் அந்த ஆண்டு ஆடியது 4 ஆட்டம். பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் 2010 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வென்றார். சேபன் 2007இல் அலபாமாவுக்குப் போய்விட்டார். ஒரே வாரத்தில் ஒரே அணி ஒரு தோளை அதிகமாகவும் ஒரு முழங்காலைக் குறைவாகவும் பயந்தது.

நான்கு கேள்விக்குத் தனித்தனியே விடை எழுதுங்கள். இன்று முழுமையாக ஆட முடியுமா? முடியாதென்றால் எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையே திரும்புவார்? இந்த சீசனில் இதே காயத்தால் ஆட்டங்களைத் தவறவிடும் வாய்ப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா, ஏன்? அவர் ஆடப்போகும் இடத்துக்கு இது எவ்வளவு பொருட்டு? ஒரே தோள், குவார்ட்டர்பேக்கின் எறியும் கையா, முன்வரிசை ஆட்டக்காரரின் இடது தோளா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மூலப் படங்களை இரண்டு ஸ்கேன் நிபுணர்களுக்கு, வீரரின் பெயரும் முதலாமவரின் கருத்தும் சொல்லாமல் அனுப்புவது நல்ல பழக்கம். இருவரும் முரண்பட்டால் அந்த முரணையும் எழுதுங்கள்.

நிர்வாகிக்குப் போவது ஒரு பக்கம் மட்டும், அதுவும் வீரர் சம்மதித்த அளவுக்கு. முழுக் கோப்பு மருத்துவப் பிரிவின் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பேச்சு முறிந்தால் காரணம் வெளியே கசியக் கூடாது. 'மருத்துவத்தில் தேறவில்லை' என்று ஒரு வரி இணையத்தில் வந்துவிட்டால், அந்தப் பையன் அடுத்துத் தட்டும் ஒவ்வொரு கதவிலும் அது அவனுக்கு முன்னால் போய் நிற்கும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலையல்ல இது. நீங்கள் தொட்டுப் பார்ப்பது ஒருவருடைய உடலை. அதைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு. கண்டதை அவரிடம் நேரில் சொல்லுங்கள், ஸ்கேன் பிரதியைக் கையில் கொடுங்கள்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தில் அது எப்படி இடம்பெறும்

மருத்துவ நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். முடிவு சொல்லக் கடைசித் தேதி, முடிவு சொல்பவர் யார், கருத்து மாறுபட்டால் மூன்றாம் மருத்துவர் யார். தேதி போடாத நிபந்தனை வீரரை அந்தரத்தில் தொங்கவிட்டதற்குச் சமம். போர்ட்டல் மூடிய பிறகு 'தேறவில்லை' என்றால் அவர் எங்கே போவார்?

பணத்தை மாதத் தவணையாகப் பிரிப்பது, களத்தில் இருக்கும் ஆட்டங்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்குவது என்று அபாயத்தைப் பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறது. 'ஏற்கனவே இருந்த காயம்' என்ற சொற்றொடரைப் பெற்றோர் கூர்ந்து படிக்க வேண்டும். 'வலது முழங்கால்' என்று பொதுவாக எழுதியிருந்தால், நாளை அதே முழங்காலில் புதிதாக வேறு எலும்பு முறிந்தாலும் அதற்குள் அடக்கிவிடலாம். எந்தத் தேதியில் எந்த உறுப்பில் என்ன காயம் என்று குறுக்கி எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனங்களும் இதே இடத்தில்தான் விலக்கு வைக்கின்றன. உதவித்தொகை தனிக் கணக்கு: 2024 ஆகஸ்ட் முதல், முதல்நிலைக் கல்லூரிகள் காயத்தைக் காரணம் காட்டி அதைக் குறைக்க முடியாது. ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு, கல்லூரியை விட்டுப் போன பிறகும் இரண்டு ஆண்டு மருத்துவச் செலவை ஏற்கவும் வேண்டும்.

கையெழுத்து ஆன பிறகு

முதல் பயிற்சிக்கு முந்தைய 6 மாதத்துக்குள் ஒரு முழு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்பது என்.சி.ஏ.ஏ. விதி. ஒப்பந்தத்துக்காகச் செய்த சோதனை இதற்கு ஈடாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்; இதில் இரத்தம், இதயம், தலைக்காய அடிப்படை அளவு எல்லாம் சேரும். பழைய டிரெய்னரும் புதிய டிரெய்னரும் முதல் வாரத்திலேயே அரைமணி நேரம் தொலைபேசியில் பேச வேண்டும். இடம் மாறும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் மறுவாழ்வுப் பயிற்சி அறுந்துபோவதும், புதிய இடத்தில் ஆர்வத்தில் இரட்டிப்பாக ஏற்றுவதும்தான் நன்றாக ஆறிக்கொண்டிருந்த முழங்கால் பிப்ரவரியில் வீங்குவதற்கு வழக்கமான காரணம். எந்த வாரம், எத்தனை கிலோ, எத்தனை மீட்டர் ஓட்டம் என்ற கடைசிப் பயிற்சித் தாளை வாங்கி, அதே எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

முதல் நாள் எடுத்த தொடைச் சுற்றளவு, குதிகால் உயரம், விசை அளவு மூன்றையும் தேதியோடு கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு அதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கம் தயாராக இருக்கும்.